கேமராவுக்கு வெளியே

வாஷியிலிருந்து வந்த டிபன் தூக்கின் மேல் அடுக்கில் சாப்பாடு இல்லை. பழைய துண்டில் சுற்றிய ஒரு சின்ன அட்டைப்பெட்டி இருந்தது. கொண்டுவந்தவர் ரஷீதா லாத்தா, என் கணவரின் அக்கா. ஏணிக்குக் கீழே நின்றபடியே குரல் கொடுத்தார்கள்.

"ராஹில் குடுத்துவிட்டான் ஜுவைரியா. மீன்கொழம்பு கொட்டிரும்னு அவனே மேலடுக்குல வச்சான். என்னலேன்னா, கேமராங்கான்."

மாமிதான், என் கணவரின் தாயார், பிரித்தார்கள். ஒரு சாண் உயரத் தண்டு, அடியில் கனமான வட்டப் பீடம், உச்சியில் ஒரு கண், கூடவே ஒரு வயர். மாமி அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"ஏளா, இது யாரைப் பாக்கும்?"

"டிவிக்கு முன்னால யார் இருக்காங்களோ அவங்கள, மாமி."

"இத்தால இருக்கவளையா?" என்றார்கள். பிறகு, "இதுக்கு இமை இருக்கா?" என்று கேட்டார்கள்.

இருந்தது. கண்ணைச் சுற்றியிருந்த வளையத்தைத் திருகினால் உள்ளிருந்து ஒரு கறுப்புத் தகடு வந்து மூடிக்கொண்டது. இரண்டு முறை திருகிக் காட்டினேன். "அப்ப மூடியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மாமி குழம்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்கள்.

நான் நிக்காஹ் முடிந்து தாராவியில் இந்த வீட்டுக்கு வந்தபோது என் கணவரின் தம்பி ராஹிலுக்குப் பால்பல் விழவில்லை. மாமி கீழே தோல்பை தைக்கிற ஆட்களுக்குச் சமைத்துக்கொண்டிருப்பார்கள். அவனைக் குளிப்பாட்டியது, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது, அம்மை போட்டபோது வேப்பிலை விசிறியது எல்லாம் நான். எனக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி நானும் என் கணவரும் பேசிக்கொண்டதேயில்லை, ராஹில் இருந்ததால். அவர்கள் மவுத்தாகி, மையத்தை அடக்கம் செய்யக் கொண்டுபோனவர்கள் திரும்பி வந்ததும் மாமி முதலில் செய்த வேலை ராஹிலின் துணியை மடித்துப் பையில் வைத்ததுதான்.

"நீ ரஷீதா வீட்ல போய் இரு. மதினி இத்தா இருக்கணும். நீ முகம் பாக்கக்கூடிய உறவு இல்ல."

"மதினியா?" என்று மட்டும் கேட்டான். உறவுக்காரர்கள் நிறைந்திருந்த வீட்டில் மாமி பையின் ஜிப்பை இழுத்து மூடினார்கள். நான் முக்காட்டை இன்னும் கீழே இழுத்துக்கொண்டேன்.

மாமி சொன்னது மார்க்கப்படி சரி. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கணவனை இழந்தவள் ஒதுங்கியிருக்க வேண்டிய இத்தாவின் நாலு மாதம் பத்து நாளும் நான் உட்காரக் கிடைத்த அறை, ஏணிக்கு மேலே இருக்கிற ராஹிலின் அறை. அவன் கிரிக்கெட் மட்டையும், காலேஜ் பையும், அவன் பன்னிரண்டாவது பாஸானதற்கு என் கணவர் வாங்கித் தந்த கேம் மெஷினும் இங்கேதான் இருந்தன. மெஷினை அவன் வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனான். லாத்தாவின் மகன் அர்பாஸிடம் அதே மெஷின் உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ராஹில் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் ஒரே ரோட்டில் கார் ஓட்டுவோம். அவன் மஞ்சள், நான் நீலம். டிவி வழியாக அவன் குரல் வரும். என் பெரிய போனை வாங்கி அலமாரியில் பூட்டிய மாமி, இதை மட்டும் விட்டுவைத்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவது போலத்தானே என்றார்கள். படம்தான் கூடாது. அவனை வாசலுக்கே வரவேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்கள். "வந்தான்னா அவன் கால் தானா ஏணில ஏறிரும்." முழங்கால் வலியோடு ரயில் ஏற முடியாததால், மாமியும் பெற்ற மகனைப் பார்க்காமல்தான் இருந்தார்கள்.

மறுநாள் மாமி தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் கேமராவைச் சோதித்துப் பார்த்தேன். வயரை மெஷினின் பக்கத்துத் துளையில் செருகி, டிவியின் கீழே நிறுத்தி, வளையத்தைத் திருகினேன். ‘சோதனை’ என்ற இடத்தை அமுக்கியதும் டிவியில் ஒரு முகம் வந்தது. முகமும் இரண்டு கையும் மட்டும். உடம்பு இல்லை. பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தேன். முகமும் நகர்ந்தது. பிறகுதான் புரிந்தது. ஆளை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் இருப்பதையெல்லாம் அழித்துவிடுகிற ஏற்பாடு அதில் இருந்தது. சுவர் வெள்ளை, என் சேலையும் வெள்ளை. இரண்டையும் ஒன்று என்று நினைத்து மெஷின் சேர்த்து அழித்திருந்தது. அறைக் கண்ணாடியை மாமி போர்வை போட்டு மூடியதிலிருந்து நான் என் முகத்தைப் பார்க்கவில்லை. கன்னம் ஒட்டியிருந்தது. காதில் ஓட்டை மட்டும் தெரிந்தது. அந்த ஏற்பாட்டைத் தேடி அணைத்தேன். சுவர் வந்தது, சேலை வந்தது, நான் வந்தேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வளையத்தை மூடினேன்.

அன்று மதியம் ரேஸ் தொடங்கும்போதே, அங்கே டிவியின் மேல் வைத்திருந்த இன்னொரு கேமரா வழியாக, திரையின் ஓரத்தில் அவன் தலையும் தோளும் மிதந்தன.

"மதினி, தெரியறேனா?"

"தெரியுற." குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"மோட்டா ஆயிட்டேனா?"

"கருவாடாட்டம் காஞ்சு கெடக்க."

"அய்யோ, லாத்தா காதுல விழுந்துரப் போவுது. நேத்து மீன்கொழம்பே உங்களுக்குப் போட்டியா வச்சதுதான்."

"பின்னால இருக்கதும் தெரியுற மாதிரி வை ராஹில்."

"ஏன்? அர்பாஸோட கச்சடா பூரா இருக்கு."

"இருக்கட்டும், வை."

அவன் எங்கே படுக்கிறான் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. வைத்தான். ஒரு கட்டில், அதன் கீழே சுருட்டிய பாய். அந்தப் பாய்தான் அவனுடையது. ஜன்னல் கம்பியில் நான் ஓரம் அடித்துக் கொடுத்த நீலத் துண்டு. திரையை ஒட்டிப் போய்ப் பார்த்தேன். தாடைக்குக் கீழே சின்னதாக ஒரு பிளாஸ்டர்.

"அது என்ன?"

"ஷேவிங். முதல் தடவை."

"யார் சொல்லிக் குடுத்தா?"

"யூடியூப்," என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தான். அது அவனுடைய காக்கா, அவன் அண்ணனான என் கணவர், சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியது. என் கார் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது.

"மதினி, ஒருக்கா பாக்கறேன். ஏக் செகண்ட். பாத்ததும் பந்த் பண்ணிருங்க."

நான் பதில் சொல்லும் முன்பே ஏணி கிரீச்சிட்டது. மாமி தலை தெரிந்தது. டிவியைப் பார்த்தவர்கள் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார்கள்.

"எம்பிள்ளயா இது?" என்றார்கள். பிறகு மேலே வந்து, என் தலையணையைச் சுவரில் சாய்த்து அதில் சாய்ந்து உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்தார்கள். "நீ அங்கிட்டு சுவரோட ஒதுங்கு. அந்தக் கண்ணைத் தொற."

ஒதுங்கி, கையை மட்டும் நீட்டி வளையத்தைத் திருகினேன். டிவியில் இரண்டாவது சதுரம் வந்தது.

"யாரு இந்தக் கெழவி?" என்று மாமி சிரித்தார்கள்.

"உம்மா!" என்று ராஹில் கத்தினான். "உம்மா, இங்க பாரு, டிவியப் பாக்காத, கேமராவப் பாரு."

சாப்பாடு, காலேஜ், லாத்தாவின் கோபம் என்று பேச்சு போனது. நடுநடுவே ராஹில், "உம்மா, கொஞ்சம் ரைட்ல நகரு" என்றான். மாமி நகரவில்லை. "வேலைய என்கிட்ட காட்டாதல," என்றார்கள். அவன் சிரித்தான். மாமியும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்ளேயே மாமி சொன்னார்கள்:

"இத்தா முடிஞ்சதும் மதினியோட காக்கா மேலப்பாளையத்துல இருந்து வாராரு. கூட்டிட்டுப் போயிருவாரு."

மஞ்சள் கார் நடு ரோட்டில் நின்றது. பின்னால் வந்த கார்கள் அதைத் தாண்டிப் போய்க்கொண்டேயிருந்தன.

"மதினி போறேன்னு சொன்னாங்களா?"

"அவ என்னத்தச் சொல்லுவா. சின்ன வயசு. இங்க யாருக்காக இருக்கணும், சொல்லு."

காக்கா போனில் கேட்டபோது நான் ‘ம்’ என்று சொன்னது உண்மை. இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு ஒரு உறவுப்பெயர் வேண்டும். மகன் என்று சொல்ல முடியாது. கொழுந்தன் என்று சொன்னால் ஊர் வேறு மாதிரி கேட்கும்.

"மதினி, இருக்கீங்களா?" என்றான் ராஹில்.

வாயைத் திறந்தேன்.

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அது முடிந்ததும் மாமி என் தோளைப் பிடித்து எழுந்தார்கள். பிடித்த கை உடனே விடவில்லை.

"நான் கீழ போய் ஒளு செஞ்சு தொழுதுட்டு வாரேன். முட்டு வலி, ஏறி வர நேரமாவும். நீ பொறவு தொழுதுக்க."

கேஸை மூடியாகிவிட்டதா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்க்கிறவர்கள் மாமி. அன்று ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினார்கள், திரும்பிப் பார்க்கவில்லை. கேமரா திறந்தே இருந்தது.

எங்கள் சதுரத்தில் தலையணை மட்டும் இருந்தது. மாமி சாய்ந்த பள்ளம் மெதுவாக மேலே எழும்பிக்கொண்டிருந்தது. ராஹில் கூப்பிடவில்லை. கேமராவைப் பார்க்காமல் திரையைப் பார்த்ததால் அவன் கண்கள் தாழ்ந்து, நேராக அந்தத் தலையணையையே பார்ப்பது போல இருந்தன. நான் சுவரோடு உட்கார்ந்திருந்தேன். வளையமும் கைக்கெட்டும் தூரம், தலையணையும் கைக்கெட்டும் தூரம்.

தலையணைப் பக்கமாகக் கையை நீட்டினேன். சதுரத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. ராஹில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.