ஐம்பத்தெட்டு வளைகள்

திங்கட்கிழமை காலை ஆறு பத்துக்குக் காகிதங்களை எண்ணத் தொடங்கினார்கள்.

முந்தின நாள் மாலை தானியச் சந்தையின் சுவரோரம், மூட்டை மேடைகளுக்கு அடியில், கழிவறைக்குப் பின்னால் என்று அறுபத்து மூன்று எலி வளைகளில் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்துவிட்டுப் போயிருந்தார்கள். விடிந்ததும் காகிதம் வைத்த இடத்திலேயே இருந்தால் வளை காலி. வெளியே தள்ளிக் கிடந்தால் உள்ளே குடித்தனம் நடக்கிறது.

ஐம்பத்தெட்டுக் காகிதங்கள் வெளியே கிடந்தன.

"எல்லாரும் குடும்பத்தோட இருக்காங்க மேடம்," என்றான் மூக்கன். எலி போன வழியை வாசனையிலேயே சொல்லிவிடுவான் என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. "வளைக்கு ஏழுன்னு வச்சாலும் நானூறு தாண்டும். ஓட்டுப் போடுற வயசுதான் இல்லை."

அவள் சிரிக்கவில்லை. நோட்டில் 58 என்று எழுதி அடிக்கோடிட்டாள். பதினாறு வருடமாக நகரத்தின் எலி ஒழிப்புக் குழுவுக்கு அவள்தான் மேற்பார்வையாளர். ஆறு ஆட்கள், ஒரு வண்டி, நான்கு டார்ச்சுகள். அதில் எரிவது இரண்டு. ஆட்கள் முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் பெரிய பூனை என்பார்கள். அது அவளுக்குத் தெரியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மருந்து வைக்க வேண்டும். பன்னிரண்டு நாள் தின்ன விட வேண்டும். பிறகு மறுபடியும் காகிதம். காகிதம் அசையாத வளையைத்தான் சிமெண்ட் வைத்துப் பூச வேண்டும். வரிசையை மாற்றக் கூடாது. வீடு இழந்த எலி சாவதில்லை. வேறு வீடு பார்க்கும்.

எட்டரைக்குச் சுகாதார அதிகாரி போன் செய்தார்.

"வெள்ளிக்கிழமை மேலேர்ந்து பார்வையிட வர்றாங்கம்மா. சந்தையில ஒரு ஓட்டை கண்ணுல படக் கூடாது."

"இன்னும் மருந்தே வைக்கலை சார். பன்னிரண்டு நாள் வேணும்."

"நான் மருந்தைப் பத்திக் கேட்டேனா? ஓட்டையை அடைங்க."

"அடைச்சா உள்ள இருக்கறது வெளிய வந்துடும் சார்."

"வெளியன்னா சந்தைக்கு வெளியதானே? அது போதும்."

எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "சரி சார்," என்றாள்.

பக்கத்தில் நின்றிருந்த மூக்கனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போனிலிருந்து அதிகாரியின் குரல் தெருவுக்கே கேட்டிருந்தது.

"அடைச்சா எங்க போகும் மேடம்?"

வளையைத் தொடுமுன் கேட்க வேண்டிய கேள்வி. பதினாறு வருடமாக அவள்தான் ஆட்களிடம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மேற்கே கைகாட்டினாள். சந்தையின் பின்வாசலைத் தாண்டினால் நகரக் குப்பைக் கிடங்கு. மலை மலையாக எச்சில்.

"எலிக்கு மூளை வயித்துல. அங்கதான் போகும்."

"கிழக்கே திரும்பிட்டா?"

கிழக்கே ஒரு சாக்கடை. அதைத் தாண்டினால் ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு வரிசை வீடுகள். கடைசி வீட்டில் அவளும் அவள் அண்ணனும் இருந்தார்கள்.

"கிழக்கே பன்னிரண்டு அடுப்புதான் இருக்கு. விருந்தை விட்டுட்டு எவனாவது பட்டினி வீட்டுக்கு வருவானா?"

கணக்கில் பிழையில்லை. அவள் பலமுறை போட்டுப் பார்த்தாள்.

மூன்று நாள் பூசினார்கள். சிமெண்டில் கண்ணாடித் தூள் கலந்து, மேலே கம்பி வலை பதித்து, அதன் மேல் இன்னொரு பூச்சு. வெள்ளிக்கிழமை வந்தவர்கள் பதினோரு நிமிடம் இருந்தார்கள். ஒருவர் சுவரைத் தட்டிப் பார்த்து, "நல்ல வேலை," என்றார். எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள். அதிகாரி அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

அதே பார்வையாளர்களுக்காக வியாழக்கிழமையே துப்புரவுப் பிரிவு குப்பைக் கிடங்கை வழித்துத் துடைத்துச் சுண்ணாம்பு தூவியிருந்தது. இருபது வருடத்தில் முதல் முறை. அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் யாரிடமும் கேட்கவில்லை. அது வேறு பிரிவு, வேறு மாடி.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தாள்.

"அக்கா, பயப்படாதீங்க," என்றாள்.

அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

அண்ணன் பஸ் ஓட்டியவர். முப்பத்தோரு வருடம். சர்க்கரை நோய் வந்து, நான்கு வருடமாகக் கணுக்காலுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. செருப்பு கழன்று போனாலும் தெரியாது. வாளியைத் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரிதான் தரையில் ரத்தத்தைப் பார்த்தாள். அண்ணன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவள் தன் கைக்குழந்தையின் துணியைக் கிழித்துக் காலில் கட்டி, புருஷனை அனுப்பி வண்டி பிடித்து வரச் சொல்லி, ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே போயிருந்தாள். குழந்தைக்கு இரண்டு மாதம்.

"வலிச்சாத்தானே தெரியும்," என்றார் அண்ணன், ஆஸ்பத்திரியில் தங்கையைப் பார்த்ததும். "மலையைக் கெல்லி எலி பிடிப்பாங்கன்னு சொல்லுவாங்க. நான் படுத்த படுக்கையிலயே பிடிச்சிட்டேன், பாரு."

டாக்டர் கட்டைப் பிரித்தார். அவள் குனிந்து பார்த்தாள். பல் தடங்களைப் படம் போட்டு ஆட்களுக்குப் பாடம் எடுத்தவள் அவள். கட்டை விரலின் நுனி இல்லை. அடுத்த விரலில் எலும்பு தெரிந்தது. ஒரு எலி செய்த வேலையில்லை. மூன்று எலியாவது இருக்கும். அவசரமே படாமல் தின்றிருந்தன.

"ரெண்டு விரலையும் எடுக்கணும்," என்றார் டாக்டர். "வியாழக்கிழமைதான் கட்டில் காலியாகும். அதுவரைக்கும் வீட்ல வச்சுப் பாத்துக்குங்க. இன்னொரு கடி பட்டா விரலோட நிக்காது." முழங்காலுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக் காட்டினார்.

"என் தங்கச்சி எலி ஆபீசருங்க," என்றார் அண்ணன் டாக்டரிடம். "ஊர்ல இருக்கற எலியெல்லாம் அவளைக் கண்டா எந்திரிச்சு நிக்கும்."

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் ஐந்து ஓட்டைகள் இருந்தன. அடுப்புக்குப் பின்னால் ஒன்று, குழாய் நுழையும் இடத்தில் ஒன்று, கட்டிலுக்குக் கீழே மூன்று. போன வாரம் அவை இல்லை. சனிக்கிழமை மாலை ஐந்திலும் காகிதம் திணித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தும் வெளியே கிடந்தன. இரண்டு பொறி வைத்திருந்தாள். பொறிக்கு ஒன்று மாட்டியிருந்தது. நானூற்றில் இரண்டு. அண்ணனின் கால்களைக் கம்பளியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே விழித்திருந்தாள். இனி நான்கு இரவுகள்.

மருந்துக் கிடங்குக்காரருக்குப் போன் செய்தாள். மருந்து அடுத்த வாரம் வரும் என்றார். குழந்தைகள் இருக்கும் வீடுகளில் மருந்தைப் பூட்டுப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். பூட்டுப் பெட்டி கேட்டு அவள் எழுதிய கடிதம் மூன்று மாதமாக யார் மேஜையிலோ தூங்குகிறது. அதிகாரிக்குப் போன் செய்தாள்.

"வரிசை வீடு தனியார் இடம்மா. வீட்டுக்காரங்க விண்ணப்பம் கொடுக்கட்டும். வரிசைப்படி பாப்போம்."

"என் அண்ணன் சார்."

"ஐயோ, அப்படியா. உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க," என்று வைத்துவிட்டார்.

அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கட்டுப் போட்ட காலை வீட்டுக்கு யாரோ விருந்தாளி வந்ததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே. அது நான் அனுப்பின எலி."

"அதானே பாத்தேன். உன்னை மாதிரியே விடியறதுக்குள்ள வேலைக்கு வந்துடுச்சு."

"விளையாடலைண்ணே."

எல்லாவற்றையும் சொன்னாள். மருந்து வைக்காமல் பூசியது, குப்பைக் கிடங்கு, தான் போட்ட கணக்கு. அவர் குறுக்கே பேசவில்லை. அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தவர் அவர்தான். அவள் வேலையில் சேர்ந்த அன்று பஸ்ஸில் ஏறிய அத்தனை பேரிடமும் சொன்னவர்.

"நானும் ஒரு நாள் பிரேக் சரியில்லைன்னு தெரிஞ்சே வண்டியைக் கிளப்பியிருக்கேன், சின்னவளே," என்றார். "எடுடான்னு சொன்னாங்க. எடுத்தேன். அறுபது பேரு உள்ள."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை." அவர் காலைப் பார்த்தார். "அவ்வளவுதான் வித்தியாசம்."

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. குறட்டை வரவில்லை.

மத்தியானம் மூக்கன் வந்தான். லீவு நாள். சைக்கிளின் பின்னால் அரை மூட்டை சிமெண்டும் ஒரு பொட்டலம் கண்ணாடித் தூளும் சுருட்டிய கம்பி வலையும் கட்டியிருந்தான். சந்தை வேலையில் மிஞ்சியது.

"யாரும் கேக்க மாட்டாங்க மேடம். கேட்டா எலி தின்னுட்டுதுன்னு சொல்லிக்கலாம்."

வலையை வாசலில் விரித்து முழம் போட்டான்.

"ஒரு வீட்டுக்கு வரும். ஒன்றரை வீட்டுக்கு வராது."

பக்கத்து வீட்டில் குழந்தை அழுதது. பிறகு நின்றது. பால் குடிக்கிறது என்று இருவருக்கும் புரிந்தது. பால் வாசனைக்கு எலி எவ்வளவு தூரம் வரும் என்பதும் இருவருக்கும் தெரியும். அது பாடத்தின் இரண்டாம் பக்கம்.

"எந்த வீடு மேடம்?" என்றான் மூக்கன். அவளைப் பார்க்காமல், சிமெண்ட் மூட்டையின் வாயைப் பிரித்துக்கொண்டே கேட்டான்.

அவள் அண்ணனின் முதுகைப் பார்த்தாள்.

"இது."

"சுவர் பொதுச் சுவரு."

"தெரியும்."

"மருந்தும் வைக்கலை."

"தெரியும்னு சொல்றேன்ல?"

கண்ணாடித் தூளை அளந்து போட்டுக் குழைத்தான். வீட்டைக் கொளுத்துற ராஜாவுக்கு நெருப்பு எடுத்துக் கொடுக்கிற மந்திரி என்று வாய்க்குள் முனகியது யாரைப் பற்றி என்று அவள் கேட்கவில்லை. அவனைப் பற்றியும் இருக்கலாம். சந்தையில் கரண்டி பிடித்த கை அவனுடையது.

அடுப்புப் பக்கத்தை அவன் பூசினான். குழாய்ப் பக்கத்தையும் பூசினான். கட்டிலுக்குக் கீழே இருந்த மூன்றையும் அவள் படுத்துக்கொண்டு தானே பூசினாள். சேலையெல்லாம் சிமெண்ட். கடைசி ஓட்டையில் வலையை அழுத்தி, கரண்டியால் இழுத்து மெழுகினாள். வேலை சுத்தமாக இருந்தது. பார்வையிட வந்தவர்கள் இதையும் தட்டிப் பார்த்து நல்ல வேலை என்று சொல்லியிருப்பார்கள்.

பிறகு சுவரில் காதை வைத்தாள். வைத்திருக்க வேண்டியதில்லை. உள்ளே நகத்தால் கீறும் சத்தம் கேட்டது. முதலில் ஒரே இடத்தில். கொஞ்சம் நின்றது. மறுபடி கேட்டபோது வலது பக்கமாக நகர்ந்திருந்தது. இன்னும் வலது பக்கம். பிறகு கேட்கவில்லை.

அது கடைசி வீடு. வலது பக்கம் ஒரே ஒரு வீட்டைத்தான் தொடும்.

அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்றிருந்தாள். குழந்தை தோளில் தூங்கியது. ஒரு கை வெளியே தொங்கியது. விரல்கள் விரிந்திருந்தன.

"அண்ணன் சாப்பிட்டாரா அக்கா? துணி காஞ்சிருந்தா வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன். கிழிஞ்சா என்ன, இதுக்கு அது போதும்."

ரத்தம் போகத் துவைத்த துணி கொடியில் கிடந்தது. அவள் எடுத்து மடித்துக் கொடுத்தாள்.

"ராத்திரி இங்க வந்து படு," என்றாள். "பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வந்துடு. மூணு பேரையும்."

"இங்கயா?" பக்கத்து வீட்டுக்காரி அறையைப் பார்த்தாள். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, நடுவில் ஒரு பாய் விரிக்க இடம். "மாமியாரை என்ன செய்யறது? ரெண்டு வருஷமா படுக்கையில கிடக்காங்க. அவங்களை யாரு தூக்குவா?"

மூக்கன் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவியதையே மறுபடி கழுவினான்.

"எலி வளையானாலும் தனி வளை வேணும்னு சும்மாவா சொன்னாங்க," என்றார் அண்ணன் கட்டிலிலிருந்து. யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி ஈரச் சிமெண்டைப் பார்த்தாள். அடுப்புப் பக்கம், குழாய்ப் பக்கம், குனிந்து கட்டிலுக்குக் கீழே. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வாசலில் மிச்சம் கிடந்த வலைத் துண்டையும் பார்த்தாள். அது ஒரு சாண்கூட இல்லை. குழந்தையின் தொங்கிய கையை எடுத்து, துணிக்குள் வைத்து மூடினாள்.

"நல்லா அடைச்சிருக்கீங்கக்கா," என்றாள். "இனி அது எங்க போகும்?"