முட்டி புறப்படும் விதம்

முட்டி தொழில்முறை பிஎம்எக்ஸ் பந்தய வீரன். அந்தக் குட்டி சைக்கிளில் சாவகாசமாக உட்கார்ந்து ஓட்டினால் முழங்கால் இரண்டும் காதை நலம் விசாரித்துவிட்டுக் கீழே போகும். பெயர் அப்படி வந்தது. வளர்ந்த மனுஷன் எதற்காகப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறான் என்று கல்யாணத்தன்று மாமனார் கேட்டார். பதிலுக்கு இன்னும் காத்திருக்கிறார்.

மாமனாருக்கு மெத்தைக் கடை. மனைவி பல் டாக்டர். மூன்றாவது முறையாக முன்பல்லைக் கையில் எடுத்துக்கொண்டு அவளிடம் போனபோது காதல் ஏற்பட்டது.

அந்த வருடம் எல்லாப் பந்தயத்திலும் அவன் கடைசி. கடைசியாக வராதவற்றில் விழுந்திருந்தான். அணி மேலாளர் அதிகம் பேசாத பெண்மணி. கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை ஃபைனல்ல மொத மூணு பேர்ல வா. இல்லன்னா உன் இடத்துக்கு வேற ஆள்."

செய்தி மாமனாருக்கு எட்டியது.

"விழுறதுதான் தொழில்னா நம்ம கடையில வந்து விழுங்க மாப்ள. அடி படாது."

கடையில் அவனுக்கென்று ஒரு நாற்காலியே போட்டாகிவிட்டது. சுழல் நாற்காலி. முட்டி உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். சௌகரியமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

அவன் கோளாறு எல்லாம் புறப்பாட்டில். சரிவின் உச்சியில் எட்டுப் பேர் முன்சக்கரத்தை ஒரு இரும்புத் தடுப்பில் முட்டுக்கொடுத்து, இரண்டு காலும் பெடலில் வைத்து, மூச்சடக்கி நிற்பார்கள். அதற்குப் பெயர் கேட். ஒலிபெருக்கி எச்சரிக்கும். பிறகு கொஞ்சம் மௌனம். எவ்வளவு மௌனம் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு முறையும் வேறு. பீப் என்று ஒரு சத்தம் வரும், கேட் சாயும். அந்தப் பீப்புக்கு முட்டி எப்போதும் ஒரு கொட்டாவி அளவு தாமதம்.

பீப் அடிக்கும் பெட்டி ஒன்றை வாங்கி, குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் பயிற்சி எடுத்தான். தரைத்தள வீட்டு நர்ஸ் ஜன்னலைத் திறந்தாள்.

"எனக்கு நைட் டூட்டி. பகல்லதான் தூங்கணும். இன்னொரு தடவை அது கத்துச்சு, தண்ணித் தொட்டியில போட்டுருவேன். உன்னையும் சேத்துதான்."

அதனால் மனைவி பெட்டியின் வேலையை எடுத்துக்கொண்டாள். டீ கோப்பையோடு தூணில் சாய்ந்து நிற்பாள். அவன் கேட்டுக்குப் பதிலாகச் சுவரில் சக்கரத்தை வைத்து, தலையைத் திருப்பிக் காத்திருப்பான். சில நாள் உடனே "போ" என்பாள். சில நாள் டீ முழுவதையும் குடித்து முடித்துச் சொல்வாள். மெதுவாகத்தான் சொல்வாள். முட்டி மின்னலாகக் கிளம்பினான். சுவரில் இரண்டு இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்தது.

பழைய சாதனைகளின் தயவில் ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு நேராக அரையிறுதி. மாமனார் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். முட்டியின் மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டாள்.

ஒலிபெருக்கி எச்சரித்தது. மௌனம். பீப். கேட் சாய்ந்தது. ஏழு பேர் பாய்ந்தார்கள்.

முட்டி நின்றான். அவள் இன்னும் சொல்லவில்லையே.

மனைவிக்கு விஷயம் புரிந்தபோது வாய் நிறைய பிஸ்கட். விழுங்கி, இருமி, "போ" என்று கத்துவதற்குள் ஏழு பேரும் முதல் வளைவை அடைந்திருந்தார்கள். அங்கே ஒருவன் கால் பெடலிலிருந்து நழுவியது. அவன் அடுத்தவன்மேல் சாய, அடுத்தவன் அதற்கடுத்தவன்மேல் சாய, துவைக்கப் போட்ட துணிபோல ஏழு பேரும் குவிந்தார்கள். முட்டி அந்தக் குவியலைச் சுற்றிக்கொண்டு, யார்மீதும் ஏற்றாமல், தனியாகப் போய் முதலாவதாக வந்தான்.

ராக்கெட் என்று பெயரெடுத்த இளம் வீரன், மூக்கில் மண்ணோடு தேடி வந்தான்.

"அண்ணே, கேட் விழுந்தப்புறமும் எப்படிண்ணே அசையாம நின்னீங்க?"

"என் பொண்டாட்டி போன்னு சொல்லல. நின்னுட்டேன்."

ராக்கெட் ரொம்ப நேரம் தலையாட்டினான். சற்று நேரத்தில் கூடாரம் கூடாரமாகச் செய்தி பரவியது. அந்தம்மா மேலே உட்கார்ந்து பார்க்கிறார். வளைவில் விபத்து வருமா வராதா என்று கணித்துச் சொல்கிறார். பல் டாக்டர் வேறு. கை வைத்தால் தவறாது.

மனைவி முட்டியின் ஹெல்மெட்டைப் பிடித்து உலுக்கினாள்.

"ஃபைனல்ல நான் வாயே தொறக்க மாட்டேன். அந்தப் பீப்புதான் உனக்குப் பொண்டாட்டி. புரியுதா?"

"புரியுது."

அவளுக்குத் தன்மீதே நம்பிக்கை இல்லை. கைப்பையிலிருந்து பஞ்சுருளைகளை எடுத்து, நோயாளிக்கு வைப்பதுபோல் தன் வாயில் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டாள்.

பீப். கேட் சாய்ந்தது. முட்டி பறந்தான். வாழ்க்கையில் அப்படிக் கிளம்பியதில்லை. முதல் மேட்டின் உச்சியில்தான் உறைத்தது: பின்னால் ஒரு சத்தமும் இல்லை. தவறான புறப்பாடு போலிருக்கிறது, நிறுத்திவிட்டார்கள். பிரேக் பிடித்துத் திரும்பிப் பார்த்தான்.

மற்ற ஏழு பேரும் உச்சியிலேயே நின்றுகொண்டு அவன் மனைவியைப் பார்த்தார்கள்.

"ம்ம்," என்றாள் அவள், பஞ்சு வழியாக. "ம்ம், ம்ம்."

"சொல்லிட்டாங்களா?" என்றான் உச்சியில் நின்ற ஒருவன்.

"இல்லடா, ம்ம்ங்கறாங்க."

"அப்ப வெயிட் பண்ணு."

நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். சீக்கிரம் கிளம்பினால் என்ன செய்வது என்று இருந்தது. ஒருவருமே கிளம்பாவிட்டால் என்ன செய்வது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

மாமனார் மேட்டைப் பார்த்தார். மாப்பிள்ளை ஒரு காலைத் தரையில் ஊன்றி, பேருந்துக்கு நிற்பவனைப்போல் நின்றான். இவர் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். நாளைக் காலை நாற்காலிக்கு ஆள் வந்துவிடும். கொஞ்ச நேரம் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, கடைத் தெரு முழுக்கக் கேட்கும் குரலில் கத்தினார்.

"போங்க மாப்ள, போங்க. யாரும் நிறுத்தல."

எட்டுப் பேரும் போனார்கள். சரிவின் வேகத்தில் வந்த ராக்கெட் இரண்டாவது மேட்டில் அவனைத் தாண்டினான். கடைசி வளைவில் இன்னொருவன் தாண்டினான். மூன்றாவது ஆள் தோளுக்குத் தோள் வந்தான். ஒரு டயர் அகலம் அவனை முந்தி முட்டி மூன்றாவதாக வந்தான். கோட்டைக் கடந்த பிறகுதான் விழுந்தான்.

அணி மேலாளர் படியிறங்கி வந்தார். மண்ணில் கிடந்தவனைப் பார்த்தார்.

"அடுத்த வருஷமும் நீதான்."

பிறகு மாமனார் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நீங்களும் எல்லாப் போட்டிக்கும் வரணும்."

"ஞாயித்துக்கிழமைதாம்மா மெத்தை வாங்க ஆள் வரும்," என்றார் மாமனார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துத் தூக்கி, முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். "சனிக்கிழமை வச்சுக்க முடியாதா?"