அம்மாவை ஓடச் சொல்ல வேண்டும்

அம்மாவுக்குச் சாவதில் பயமில்லை. எரிப்பதில்தான் பயம். சீனாவில் யாங்சி ஆற்றங்கரையில் உள்ள எங்கள் நகரத்தில் புதைக்க அரசாங்கம் விடாது என்று அவளுக்கும் தெரியும். அதனால் சாகும் முன் என் அண்ணன் ஜென்பாங்கின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உள்ள தள்ளுறப்போ கூப்பிடுடா. நீ கூப்பிட்டாதான் எனக்குக் கேக்கும்."

எங்கள் வழக்கம் அது. உடம்பு தகன உலைக்குள் போகும்போது மூத்த மகன் "நெருப்பு வருது, ஓடு" என்று கத்த வேண்டும். உயிர் விலகி ஓடிவிடும். கத்தாவிட்டால் உயிரும் உடம்போடு சேர்ந்து வேகும்.

அண்ணனோ மாவட்ட அலுவலகத்தில் அதிகாரி. துக்கப் பந்தல் கூடாது, காகிதப் பணம் எரிக்கக் கூடாது, மூடநம்பிக்கை கூடவே கூடாது என்று தெருத்தெருவாகப் பதாகை கட்டிய மகராசன் அவன்தான்.

தகன நிலையத்தில் உலைப் பக்கம் யாரையும் விடவில்லை. எங்களை ஒரு கூடத்தில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, சுவரில் இருந்த திரையைக் காட்டினார்கள். பின்வரிசையில் அண்ணனின் மேலதிகாரி வெள்ளைச் செவ்வந்தியோடு உட்கார்ந்திருந்தார். திரையில் அம்மாவின் பெட்டி மெல்ல நகர்ந்தது.

"கூப்பிடுண்ணா," என்றேன்.

"வாய மூடு, சூலான். பெரிய ஆபீசர் பாக்குறாரு."

"அவரா உன்னப் பெத்தாரு?"

"என் நிலைமை உனக்குப் புரியாது. அம்மாவுக்குப் புரியும்."

"புரிஞ்சுக்கிட்டு? நின்னு வேகணுமா?"

அவனை அறையலாம் போலிருந்தது. நானே எழுந்து கத்தினேன். காவலாளி ஓடிவந்து, "இங்க சத்தம் போடக் கூடாதும்மா," என்று என் தோளை அழுத்தி உட்காரவைத்தான். என் குரல் அவளுக்கு எங்கே கேட்கப்போகிறது? அவள் காது என்றைக்குமே மகனுக்குத்தானே.

திரையில் உலைக் கதவு திறந்தது. உள்ளே ஒரே சிவப்பு. அண்ணன் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது.

"அம்மா! நெருப்பு வருது! ஓடும்மா!"

மேலதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். காவலாளி இந்த முறை யாரையும் அழுத்தவில்லை. அண்ணனின் அருகில் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"சார், திரையில தெரியுறது இப்ப நடக்குறது இல்ல. படம் எடுத்து, சரிபாத்துட்டுதான் குடும்பத்துக்குக் காட்டணும்னு உத்தரவு. உள்ள எல்லாம் எப்பவோ முடிஞ்சிருச்சு."

அண்ணன் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரையில் அம்மா இன்னும் உள்ளே போகவில்லை. "ஓடும்மா" என்று மறுபடியும் கத்தினான்.