சுழல்காற்று தூக்கிப்போன கணவரும் விட்டுவிட்டுப் போன கணவரும்

தையல் மெஷின் மெக்கானிக்கைச் சுழல்காற்று தூக்கிக்கொண்டு போன அதே நிமிடத்தில், அவர் தம் வீட்டுக் குளியலறையில் தலைக்கு மேல் மெத்தையைப் போட்டுக்கொண்டு பத்திரமாகப் படுத்திருந்தார். அவர் பறந்ததைப் பார்த்தவர்கள் நான்கு பேர். காற்று ஓய்ந்தபின் மெத்தையோடு அவர் வெளியே வந்ததைப் பார்த்தவர்கள் ஆறு பேர். பத்துப் பேருமே பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள்.

அவர் மனைவி வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்தாள். ஆபத்து வந்தால் அபாயச் சங்கை ஊதுவது அவள் பொறுப்பு என்பதால் ஊருக்கே அவள் சங்கு அக்கா. அன்று மதியத்திலிருந்தே அவளுக்கு வானம் பிடிக்கவில்லை. கீழே ஈரமும் வெக்கையுமாக ஒரு காற்று, மேலே காய்ந்த குளிர்காற்று, இரண்டும் வெவ்வேறு வேகத்தில் வெவ்வேறு திசைக்குப் போனால் நடுவில் உள்ள காற்று உள்ளங்கைகளுக்கிடையே வைத்துத் தேய்த்த பென்சில் போல உருளத் தொடங்கும். அந்தப் படுத்த உருளையை மேலேறும் வெக்கை நிமிர்த்தி நிறுத்திவிட்டால் மேகமே சுழலும். அதிலிருந்து ஒரு வால் தரையைத் தொட்டுவிட்டால் அப்புறம் யார் கையிலும் எதுவுமில்லை. நான்கு மணிக்கு ரேடார் திரையில் மேகம் கொக்கியாக வளைந்தது; சுழலத் தொடங்கிவிட்டதன் அடையாளம் அது. நான்கு ஆறுக்குச் சங்கை ஊதினாள். அந்த மாதத்தில் மூன்று முறை ஊதி மூன்று முறையும் தூறல்கூட விழாததால், கணவர் அதைச் சட்டை பண்ணமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். நான்கு பத்துக்கு வீட்டுக்குப் போன் போட்டாள்.

அவர் போனை எடுத்தார். "ஏங்க, விளையாடாதீங்க, ஜன்னல் பக்கம் நிக்காம நடுவுல இருக்கிற பாத்ரூமுக்குப் போங்க, மெத்தையை இழுத்துத் தலைமேல போட்டுக்கோங்க" என்றாள். சரி என்றார். இது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. பதினான்கு முறை மணி அடித்து யாரும் எடுக்காமல் நின்றுபோனதும் அதேபோல நன்றாக நினைவிருக்கிறது. அலுவலகத் தொலைபேசிப் பதிவிலும் நான்கு பத்துக்கு இரண்டு அழைப்புகள் இருந்தன; ஒன்று நாற்பத்தோரு விநாடி, இன்னொன்று பேசப்படாதது.

காற்று ஏழே நிமிடம் இருந்தது. மூன்று தெரு அகலத்துக்கு ஊரைச் சீவிக்கொண்டு போனது. மாவு மில்லின் கூரையைப் பள்ளிக்கூட மைதானத்தில் விரித்தது, ஒரு லாரியைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்காரவைத்தது, ஒன்பது பேரைக் கொன்றது. அவர்களில் மூவர் காரில் ஏறி அதை முந்திவிடலாம் என்று கிளம்பியவர்கள், இருவர் பாலத்தடியில் ஒதுங்கியவர்கள். மெக்கானிக் வீட்டில் பட்டறையாக இருந்த முன்னறையைக் காணோம். குளியலறை மட்டும் பெட்டிபோல நின்றது. பள்ளியின் உள் நடைவழியில் புத்தகப்பையைத் தலைக்குக் கொடுத்துக் குந்தியிருந்த அவர்கள் மகளுக்கு ஒரு கீறலும் இல்லை.

மூன்றாம் நாள் காலை, கணவரும் மனைவியும் செங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, பதினொரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வெறுங்காலோடு நடந்து கணவர் வந்து சேர்ந்தார். சட்டையில் ஒரு பொத்தான் கூட இல்லை. நின்றவர், செங்கல் வைத்திருந்தவரைப் பார்த்து, "யாருங்க நீங்க?" என்றார். "அதை நான்ல கேக்கணும்" என்றார் மற்றவர்.

சொந்தக்காரர்கள் கூடி இருவரையும் துருவித் துருவிக் கேட்டார்கள். தழும்பு, கல்யாணத்தில் நடந்த சண்டை, மகள் பிறந்த நாழிகை, எல்லாம் ஒன்றே. நான்கு பத்துக்குப் பிறகுதான் கதை பிரிந்தது. ஒருவருக்கு இருட்டும் சோப்பு வாசனையும். இன்னொருவர், ஜன்னலைத் திறந்துவிட்டால் வீடு வெடிக்காது என்று யாரோ சொன்னதை நம்பி அதைத் திறக்கப் போனவர்.

"மேல இருந்து உன் ஆபீஸ் தெரிஞ்சுது. நீ போனைக் காதுல வெச்சுக்கிட்டு நின்ன. இங்க மணி அடிச்சது எனக்குக் கேட்டுது. எடுக்கத்தான் கை எட்டல" என்றார் அவளிடம்.

அதைக் கேட்ட நாளிலிருந்து சங்கு அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. ஒருவர் முகத்தைப் பார்த்தால் காப்பாற்றிவிட்டோம் என்று நெஞ்சு நிறையும். இன்னொருவரைப் பார்த்தால் இன்னும் ஒரு நிமிடம் முன்னால் கூப்பிட்டிருக்கக் கூடாதா என்று அதே நெஞ்சு அடைக்கும். இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் போட்டதால், எதற்கு நிறைகிறது, எதற்கு அடைக்கிறது என்பதிலும் அடிக்கடி தப்பு நேர்ந்தது. மகள்தான் உள்ளே அப்பா, மேலே அப்பா என்று பெயர் வைத்தாள். அவளும் மாற்றிக் கூப்பிடுவாள். யார் அருகில் இருந்தாரோ அவர் போனார்.

பட்டறையை மறுபடி கட்டினார்கள். முற்பகலில் ஒருவர், பிற்பகலில் ஒருவர் உட்கார்ந்தார்கள். சங்கு அக்கா வீடு வீடாகப் போய்க் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத நடு அறை எதுவென்று காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வருவாள். சிரித்தவர்களிடம், "எங்க வீட்டுல உள்ள போனவர் பல்லுகூட ஆடாம வந்தார். ஜன்னல்கிட்ட நின்னவர் வந்தது என் அதிர்ஷ்டம். எல்லாருக்கும் ரெண்டாவது ஆள் கிடைக்காதுங்க" என்பாள். ஆறாம் வருடம் மறுபடி காற்று வந்து இருபது வீடுகளைத் தின்றது. ஒரு உயிரும் போகவில்லை.

பதினொன்றாம் வருடம், ஒருவர் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் படுத்தார். அவள் கட்டிலோரம் உட்கார்ந்து, அத்தனை வருடம் நாக்கு நுனியில் நின்றதைக் கேட்டாள். "ஏங்க, அன்னிக்கு நீங்க போனை எடுத்தீங்களா, எடுக்கலையா?"

"எடுத்தேன்மா. பேசினோமே" என்றார். மறுநாள் போய்விட்டார்.

சவத்தைத் தூக்கிய நால்வரில் அவரும் ஒருவர். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அவர் கையையே பிடித்து அழுதார்கள். எல்லோரும் கிளம்பியபின் சங்கு அக்கா அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டாள். அவர் ரொம்ப நேரம் யோசித்து, "எடுத்தேன்" என்றார். அவர் உண்மையைச் சொன்னாரா, அவளுக்காகச் சொன்னாரா என்று அவள் துருவவில்லை. தலையசைத்துவிட்டு, படுக்கையைத் தட்டிப் போட்டாள்.

அடுத்த வாரம் பட்டறை திறந்த அன்று, நூலை அறுத்துக்கொண்டே இருக்கும் மெஷினோடு ஒரு தையல்காரர் வாசலில் நின்றிருந்தார்.

"என்னண்ணே, ஒரு வாரமாப் பூட்டிக் கிடக்கு?"

"நான் தவறிட்டேன்ப்பா" என்றார் மெக்கானிக்.

"அடப் பாவமே, எனக்கு யாரும் சொல்லலையே" என்று தையல்காரர் உண்மையாகவே வருந்தினார். பிறகு மெஷினை மேசைமேல் தூக்கி வைத்தார்.