மகள், சிட்டு, வயது மூன்று

கண் மருத்துவமனையில் சீட்டு எழுதிய பெண் தகப்பனார் பெயரைக் கேட்டபோது, அம்மா வழக்கம்போலத் தன் தாய்மாமன் பெயரைச் சொன்னாள். எண்பத்தாறு வயதில் கண்ணில்தான் புரை விழுந்திருந்தது. பிடிவாதம் பளிச்சென்று இருந்தது.

"அது உன் மாமா பேரும்மா," என்றாள் மகள் மெதுவாக.

"வளர்த்தவன் பேரைத்தான் போடணும். ஓடிப்போனவன் பேரு எதுக்கு?"

மகளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பல் கட்டும் பட்டறையில் மெழுகிலும் மாவிலும் பொய்ப்பல் செய்கிறவள். ஊரார் வாயையெல்லாம் அளந்தவளுக்குப் பெற்றவள் வாயிலிருந்து ஒரு பெயரைப் பிடுங்க முடியவில்லை. அம்மாவின் பல்செட்டும் அவள் கைவேலைதான். பிடிக்காத பேச்சு வந்தால் அம்மா அதைக் கழற்றித் தம்ளர் தண்ணீரில் போட்டுவிடுவாள். அதற்குமேல் பேச்சு இல்லை.

குடும்பத்துக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். வெள்ளைக்காரன் காலத்து யுத்தத்தின்போது, அம்மாவுக்கு மூன்று வயதில், அவளுடைய அப்பா பட்டாளத்தில் சேர்ந்தார். இரண்டு கடிதம் வந்தது. பிறகு ஒரு தகவலும் இல்லை. துறைமுகத்தில் அவரை வேறொருத்தியோடு பார்த்ததாக யாரோ சொன்னார்கள். சொன்னதற்குக் கைகால் முளைத்தது. தெருவில் தலைகாட்ட முடியாமல் அவர் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அங்கே முப்பது வருஷம் அடுப்பில் வெந்து, விட்டுட்டுப் போனவன் பொண்டாட்டி என்ற பேரோடு கண்ணை மூடினாள்.

அறுவை முடிந்து கண்ணில் கட்டோடு படுத்திருந்த நாளில், என்ன தோன்றியதோ, அம்மா தானாகவே அப்பாவின் பெயரைச் சொன்னாள். "சும்மா தெரிஞ்சு வச்சுக்கோ. எனக்கப்புறம் கேக்க ஆள் இருக்காது."

மகள் அதை மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டாள். அடுத்த வாரமே, பழைய பட்டாளப் பதிவேடுகள் இருக்கும் ஆவணக் காப்பகத்துக்குப் போனாள். அங்கிருந்த குமாஸ்தா ஒரு கட்டைப் பிரித்தால் மூன்று தும்மல் போட்டார். மனதுக்குள் அவருக்குத் தும்மல்காரர் என்று பேர் வைத்துவிட்டாள்.

"இந்தப் பேர்ல ஏழு பேர் இருக்காங்கம்மா. பட்டாள நம்பர் ஏதாவது தெரியுமா?"

"பேரே போன வாரம்தான் சார் கிடைச்சுது."

அவர் சிரித்தார், தும்மினார். "அப்ப நாளாகும்."

ஐந்து மாதம் ஆயிற்று. சனிக்கிழமைதோறும் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். ஒருவர் கல்யாணம் ஆகாதவர். ஒருவர் ஊர் திரும்பி, கிழவராகி இறந்தவர். இப்படி ஆறு பேர் கழிந்தார்கள். ஏழாவது, கோவேறு கழுதைப் படை. மலைப்பாதையில் கழுதைகளின் முதுகில் குண்டுப் பெட்டிகளையும் அரிசியையும் ஏற்றிக்கொண்டு நடந்தவர்கள். நெருங்கிய உறவினர் என்ற கட்டத்தில் மனைவியின் பெயர் சரியாக இருந்தது. அதன் கீழே இன்னொரு வரி: 'மகள், சிட்டு, வயது மூன்று.'

சிட்டு என்பது அம்மாவை வீட்டில் கூப்பிட்ட பெயர். அப்படிக் கூப்பிட ஒருவரும் மிச்சமில்லை.

"இவர்தானா?" என்றார் தும்மல்காரர். அவள் தலையசைத்தாள். அவர் அடுத்த தாளைத் திருப்பிப் பார்த்தார். காகிதக் கட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார். "நீங்க படிங்க. நான் ஒரு டீ குடிச்சிட்டு வரேன்."

அம்மாவின் அப்பா ஓடிப்போகவில்லை. சேர்ந்த இரண்டாம் வருஷம், வெள்ளம் புரண்ட ஆற்றைக் கடக்கும்போது இறந்திருந்தார். வயது இருபத்தாறு. சாவுச் செய்தி அனுப்பிய கடிதம் உறையோடு அங்கேயே இருந்தது. பழைய தெருவின் விலாசம். குறுக்கே தபால்காரர் எழுதியிருந்தார்: 'வீடு மாறிவிட்டார்கள். போன இடம் தெரியவில்லை.' அந்த மனுஷனைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. உள்ளதைத்தான் எழுதியிருந்தார்.

மறுநாள் காலை, நகல்களை வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். அம்மா கையை மடியில் வைத்துக் கேட்டாள். ஆற்றில் போனார் என்றதும் "ம்" என்றாள். கடிதம் திரும்பிவிட்டது என்றதும் "நாங்கதான் போயிட்டமே" என்றாள். குரலில் ஏதோ இறங்கியிருந்தது. எண்பது வருஷக் கோபம் அவ்வளவு லேசாகப் போகிறதே என்று மகளுக்கு நிம்மதிகூட வந்தது.

கடைசித் தாள், உடன் இருந்த ஒருவரின் வாக்குமூலம். படை எழுத்தர் தமிழிலேயே எழுதியிருந்தார்.

'அவன் கழுதைக்குப் பின்னால் என் கழுதை. நடு ஆற்றில் கயிறு அறுந்தது. பாறையில் சிக்கி என் வலது கால் நொறுங்கியது. அவன் திரும்பி வந்து என்னைக் கரைப்பக்கம் தள்ளிவிட்டான். பிறகு அவனைக் காணவில்லை. கால் ஆறியதும் அவன் வீட்டைத் தேடிப் போய் நானே நேரில் சொல்வேன்.'

"எந்தக் காலு?" என்றாள் அம்மா.

"வலது கால்."

அம்மா வாசல் பக்கம் திரும்பினாள்.

"வந்தாருடி," என்றாள் பிறகு.

"யாரு?"

"எனக்குப் பன்னெண்டு வயசு. மாமா வீட்டுல தனியா இருந்தேன். வாசல்ல ஒருத்தர் கட்டையை ஊனிக்கிட்டு நின்னாரு. வலது காலை இழுத்து இழுத்து நடந்தாரு. அப்பா பேரைச் சொல்லி, அவங்க வீடு இதானாம்மான்னு கேட்டாரு. ஆறு வருஷமா தேடுறேன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"அன்னிக்குத்தான் பள்ளிக்கூடத்துல ஒருத்தி என்னை ஓடுகாலியோட மகளேன்னு கூப்பிட்டா. அந்தப் பேரைக் கேட்டதும் பத்திக்கிட்டு வந்துச்சு. அப்படி யாரும் இங்க இல்லன்னேன்." அம்மா மூச்சு வாங்கினாள். "அவரு என் மூஞ்சியவே பாத்தாரு. நீ சிட்டு இல்லையான்னு கேட்டாரு. இல்லன்னு கதவச் சாத்திட்டேன். அந்தப் பேரு அவருக்கு எப்படித் தெரியும்னுகூட எனக்குத் தோணல."

"அம்மாச்சிகிட்ட சொன்னியா?"

"சொல்லல. அடி விழும்னு அன்னிக்குச் சொல்லல. அப்புறம் மறந்தே போச்சு. அவ சாகுற வரைக்கும் அந்தப் பேச்சைச் சுமந்தா. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"நீ அப்ப சின்னப் பொண்ணும்மா."

"அவளும் அதைத்தான் சொல்லியிருப்பா," என்றாள் அம்மா. "நான் சொல்லியிருந்தா."

மூன்று நாள் அம்மாவின் பல்செட் தம்ளர் தண்ணீரிலேயே கிடந்தது. வைத்த சோறு வைத்தபடி இருந்தது. நாலாம் நாள் சாயங்காலம், நகக்கண்ணில் மாவோடு மகள் பட்டறையிலிருந்து திரும்பினாள். உள்ளறையில் பேச்சுக்குரல் கேட்டது. யார் வந்திருப்பார்கள் என்று கதவிடுக்கில் பார்த்தாள்.

யாருமில்லை. சுவரிலிருந்த தன் அம்மாவின் படத்தைக் கழற்றி எதிர் நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தாள் அம்மா. வாக்குமூலத்தைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். கரைப்பக்கம் தள்ளிவிட்டான் என்ற இடத்தில் நிறுத்தி, "உனக்குக் கேக்குதாம்மா?" என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.

மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல், படித்து முடிக்கும்வரை கதவுக்கு வெளியிலேயே நின்றாள்.