எதிரொலி நிற்கவில்லை

மாடி அறையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து அவள் எழுதிய ப்ளக்இன் என்கிற சிறு மென்பொருள், பாடுகிற குரலுக்கு எதிரொலி சேர்ப்பது. அது தனியாக ஓடாது. ஃபோனில் இருக்கும் பாட்டுப் பதிவு ஆப் ஒன்றுக்குள் ஏற்றினால்தான் வேலை செய்யும். ஆப் கொடுக்கும் குரலை வாங்கி, முழங்க வைத்துத் திருப்பிக் கொடுக்கும். அதை வாங்கியவர்கள் யாரும் அவளிடம் பேசியதில்லை. முதலில் பேசியவர் ஒரு பஸ் டிரைவர், அதுவும் குறை சொல்ல.

"பாட்டைச் சேமிச்சு மூடிட்டு மறுபடி திறந்தா எதிரொலி இல்லைங்க. திரையில இருக்கிற எல்லாக் குமிழையும் முதல்லேருந்து திருக வேண்டியிருக்கு."

மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆளில்லாத பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து பாடுவாராம். வீட்டில் பாடினால் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்கிறார்களாம். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

கோளாறு அன்று சாயங்காலமே பிடிபட்டது. சேமிக்கும்போது குமிழ்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று ப்ளக்இன்னை ஆப் கேட்கும். அடுத்த முறை திறக்கையில் அந்தப் பதிலையே திருப்பித் தரும். இவளுடைய ப்ளக்இன் வெறுங்கையை நீட்டியிருக்கிறது. சில வரிகள் சேர்த்தாள், சரியாகிவிட்டது. ஆனால் அதை அனுப்ப மனம் வரவில்லை.

மறுநாள் அவர் கூப்பிட்டபோது, "இன்னும் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றாள். அதற்கடுத்த நாளும் அதையேதான் சொன்னாள். பேச்சு எங்கெங்கோ போனது: பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு இறங்குகிறவர்கள், அவர் மனைவியின் முழங்கால் வலி.

"சாப்பிட்டீங்களா?" என்று பேச்சுவாக்கில் கேட்டாள்.

"எங்கங்க? திருகி முடிக்கிறதுக்குள்ள வண்டி எடுக்க நேரமாயிடுது. டப்பா திறக்காமலே வீட்டுக்குப் போகுது."

அவளுக்குச் சுருக்கென்றது. ஃபோனை வைத்த கையோடு திருத்தத்தை அனுப்பினாள்.

மறுநாள் மதியம் அவரே கூப்பிட்டார். "வச்சது வச்சபடி நிக்குதுங்க. இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

"கோளாறு முதல் நாளே தெரிஞ்சுடுச்சு. நான்தான் அனுப்பலை."

"ஏங்க?"

"நீங்க கூப்பிடுறது நின்னுடுமேன்னு."

அந்தப் பக்கம் பஸ்ஸில் ஆட்கள் ஏறும் சத்தம் கேட்டது. "வண்டி எடுக்கணும்மா" என்றார். குரலில் கோபமில்லை.

பிறகு அவர் கூப்பிடவில்லை. ஒரு வாரம் போல ஆன பிறகு அவர் பாடிய பாட்டு ஒன்று மட்டும் ஃபோனுக்கு வந்தது, கூட ஒரு வார்த்தையும் இல்லாமல். சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது. இரண்டு முறை கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு" என்று எழுதினாள். அவர் பார்த்துவிட்டதாக ஃபோன் காட்டியது. பதில் வரவில்லை. அவள் மூன்றாவது முறையும் கேட்டாள்.