நெறிக்கட்டி

சின்னப்பனுக்கு இட்லி இறங்கியது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இருந்த கடையில், சாம்பாரில் குழைத்த அரை இட்லி. வாயில் போட்டு, மெல்ல மென்று, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். கொஞ்சம் நின்றது, பிறகு போனது. நெஞ்சில் கை வைத்தபடி மனைவியைப் பார்த்துச் சிரித்தான். எண்பத்தாறாம் வருஷம் ஐப்பசியில் தன் எச்சிலையே விழுங்க முடியாமல் தகர டப்பாவில் துப்பிக்கொண்டு கிடந்த ஆள். இசபெல்லாவுக்குக் கண் கலங்கியது. அதை அவன் பார்த்துவிடக் கூடாதென்று கடைக்காரரிடம் இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டாள்.

உணவுக்குழாயில் புற்று. நெஞ்சைத் திறந்து குழாயை அறுத்தெடுத்து, இரைப்பையை மேலே இழுத்துக் கழுத்தில் கொண்டுவந்து தைத்திருந்தார்கள். தேற மாட்டான் என்று முடிவு கட்டியிருந்த ஊர்க்காரர்கள் இப்போது மாதா காப்பாற்றிவிட்டாள் என்றார்கள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு முன்பே இசபெல்லாவை உட்காரவைத்துப் பேசியிருந்தார்.

"கால்ல புண்ணு வந்தா தொடை இடுக்குல நெறி கட்டுது இல்லம்மா? அந்த மாதிரி முடிச்சுங்க குழாயைச் சுத்தி உள்ளயும் இருக்கும். அதையும் எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவேன். நோய் அது வரைக்கும் போகலைன்னா உங்க வீட்டுக்காரர் ரொம்ப நாள் இருக்கலாம். போயிருந்தா திரும்ப வரும். அது வராம இருக்க உடனே கரண்ட் வெச்சுத்தான் ஆகணும்."

கரண்ட் என்று அங்கே சொல்வது கதிர்வீச்சு. அது என்ன செய்யுமென்று வார்டில் எல்லோருக்கும் தெரியும். அடுத்த கட்டில்காரருக்குக் கழுத்துத் தோல் கருகி உரிந்திருந்தது. தண்ணீர் கேட்பார், கொடுத்தால் குடிக்க முடியாமல் அழுவார். சின்னப்பன் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவே மாட்டான். "எனக்கு அது மட்டும் வாணாம்டி. ரிப்போர்ட்டு நல்லாத்தான் வரும், பாரு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டே தூங்குவான்.

அந்த ரிப்போர்ட்டைப் பார்க்கத்தான் இன்றைக்கு வந்திருந்தார்கள். வெளியே அவனை எடை பார்க்க நிறுத்தியிருந்த நேரத்தில் அவள் மட்டும் உள்ளே போனாள். டாக்டர் காகிதங்களை முன்னும் பின்னும் புரட்டினார்.

"குழாய் ரிப்போர்ட் இருக்கு. நெறிக்கட்டி ரிப்போர்ட்டைக் காணோமே. சின்ன பாட்டில்ல தனியா போட்டு உங்க ஆளுங்ககிட்டதானே குடுத்தனுப்பினோம்? பெரிய பாட்டில் ஒண்ணுதான் வந்துச்சுன்னு டெஸ்ட் ரூம்ல எழுதியிருக்காங்க."

அன்றைக்கு இசபெல்லா ரத்தம் கொடுக்க ஆள் தேடி அலைந்துகொண்டிருந்தாள். பாட்டில்களை வாங்கிக்கொண்டு போனது மாமியார் மதலேனம்மாள்.

"இப்ப என்னாங்க பண்றது?"

"பாட்டில் கெடைச்சா கொண்டாங்க. மருந்துத் தண்ணியில இருக்கற வரைக்கும் கெட்டுப் போகாது. இல்லைன்னா எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நோய் இல்லாதவருக்குக் கரண்ட் வெச்சா வீண் சித்திரவதை. இருக்கறவருக்கு வைக்காம விட்டா..."

படித்தவர்கள் பாதியில் நிறுத்துகிற பேச்சை முடித்துக்கொள்ள வேண்டியது படிக்காதவர்கள் பாடு. அவள் முடித்துக்கொண்டாள். வெளியே வந்து, ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்று புருஷனிடம் சொன்னாள். மொரப்பூரில் ரயில் இறங்கிக் கடத்தூர் பஸ் ஏறும் வரை அவன் அரை இட்லியின் பெருமையையே பேசிக்கொண்டு வந்தான்.

மதலேனம்மாள் மகனுக்காகக் கேழ்வரகுக் கூழை வடிகட்டிக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே போய்ப் படுத்த பிறகு இசபெல்லா கேட்டாள். கிழவி மழுப்பவில்லை. கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள்போலச் சொன்னாள்.

"அதா? அதை நான் குடுக்கலை. பெருசுல இருந்தது நோவு புடிச்சது, அவுங்களே வெச்சிக்கட்டும்னு குடுத்துட்டேன். சின்னதுல இருக்கறது நல்லதாக்கூட இருக்கலாம்னு அந்த நர்சம்மாவே சொல்லுச்சு. எம்புள்ளையோட நல்ல சதையைக் குப்பையில கொட்டவா வுடுவேன்? உன் மாமனாரு வெரலு ஆலையில போனப்ப எங்க வெச்சோம்? அங்கதான் கொண்டாந்து வெச்சேன். உசிர்த்தெழற நாள்ல எம்புள்ள மட்டும் கொறையா எந்திரிக்கணுமா?"

ஊரில் அது வழக்கம்தான். கரும்பு ஆலையில் நசுங்கிய மாமனார் பெரியநாயகத்தின் இரண்டு விரல்களைக் கல்லறையில் புதைத்து, பிற்பாடு அவரையும் அதே இடத்தில்தான் அடக்கம் செய்தார்கள். கடைசி நாளில் உடம்பு முழுசாக எழ வேண்டுமானால், வெட்டுப்பட்டது எதுவானாலும் மந்திரித்த கல்லறை மண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆபரேஷன் முடிந்த மறுநாளே ஆட்டைப் பார்க்கணும் என்று மாமியார் ஊருக்கு ஓடியது எதற்கென்று இப்போது விளங்கியது. உயிரோடு இருக்கிற மகனை விட்டுவிட்டு, உயிர்த்தெழப் போகிற மகனுக்காகக் கவலைப்பட்ட தாயை என்ன செய்ய? அடிக்கவா முடியும்? ஆனாலும் டாக்டர் சொன்ன வார்த்தை ஒன்று மிச்சமிருந்தது. மருந்துத் தண்ணீரில் இருந்தால் கெடாது. களைக்கொத்தை எடுத்துக்கொண்டு மாதா கோயிலுக்குப் பின்னாலிருந்த கல்லறைக்கு நடந்தாள்.

மாமனாரின் சிலுவைக்குக் கீழே மண் இளகித்தான் இருந்தது. கண்ணாடி உடைந்துவிடக் கூடாதென்று பதமாகக் கொத்தினாள். மதலேனம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"செத்தவங்க எடத்தைத் தோண்டாதடி, பாவி!"

"செத்தவரை யாருங்க தோண்டறா? உசிரோட இருக்கறவரைத் தேடறேன்."

கண்ணாடி தட்டுப்படவில்லை. துணி வந்தது. மாமியாரின் பழைய வெள்ளைப் புடவைக் கிழிசல், முடிச்சுப் போட்டது. அவிழ்த்தாள். செம்மண்ணும் எறும்பும்தான் இருந்தன.

"பாட்டிலு எங்கீங்க அத்தை?"

"அந்தத் தண்ணி ஒரே கண்ணெரிச்சலு. கீழ ஊத்திட்டு, நல்லாக் கழுவித்தான் முடிஞ்சு வெச்சேன். கண்ணாடிக்குள்ள கெடந்தா எப்பிடி மண்ணோட சேரும்?"

இசபெல்லா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சத்தம் கேட்டோ என்னவோ, சின்னப்பன் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்ந்திருந்தான். குழியைப் பார்த்தான்.

"என்னா அது?"

"உன்னுதுதான்டா சாமி. உள்ளருந்து எடுத்தது" என்றாள் தாய்.

"நீங்க கேட்டுக்கிட்டிருந்த ரிப்போர்ட்டு" என்றாள் மனைவி. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அப்ப, நோவு இருக்குதா இல்லையான்னு இனிமே யாராலும் சொல்ல முடியாது?"

"முடியாதுங்க."

"அப்ப கரண்ட்டும் வாணாம்."

அவன் முகம் தெளிவதை அவள் பார்த்தாள். மாமியார் சொன்ன எதையும்விட அதுதான் அவளை அறுத்தது. மதலேனம்மாள் துணியை மறுபடி முடிந்து குழியில் வைத்து, சிலுவை வரைந்து, ஒரு பிடி மண் போட்டாள். அடக்கத்தில் ஆளுக்கு ஒரு பிடி போடுவது முறை. சின்னப்பன் நெஞ்சுத் தையலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, தன் பங்குக்கு ஒரு பிடி அள்ளிப் போட்டான். பிறகு தாயும் மகனும் அவளைப் பார்த்தார்கள்.

இசபெல்லா எழுந்தாள். அவள் கையிலும் மண் இருந்தது. குழிக்கு மேலே நீட்டிய கையை அவளால் விரிக்க முடியவில்லை. விரலிடுக்கில் மண் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருந்தது.